வலது பக்கமே போகும் பந்து

அத்தியாயம் 6

நாற்பத்திரண்டாவது பந்தும் வலது பக்கம்தான் போனது.

எண்ணிக்கொண்டிருந்தவன் நான். எனக்கு வேறு வேலை இல்லை. வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. ஏரியிலிருந்து வரும் காற்று காதைக் கிள்ளியது. இது ஜூன் மாதம் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. கோல்ஃப் கிளப்பின் பயிற்சி மைதானத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அறுபத்தேழு வயது பணக்காரர் ஒருவர் பந்தைத் தாழ்வாகவும் வலப்பக்கமாகவும் அடித்துத் தொலைப்பதை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மா என்னை டென்டிஸ்ட்டுக்குப் படிக்கச் சொன்னாள். கேட்டிருக்கலாம்.

என் பெயர் லென் பிக்கெட். வில்மா ஹேவர்கேம்ப் துப்பறியும் நிலையத்தின் உதவியாளன். நிலையம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். முடிதிருத்தும் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு ஒழுகும் காபி இயந்திரம், வில்மா, நான். வில்மாவுக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து, தானாகத் தீப்பிடித்த கிடங்குகள் எல்லாம் எப்படித் தானாகத் தீப்பிடித்தன என்று கண்டுபிடித்தவர். நாலு நாளாக அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்தக் கோபத்தை என் மேல்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

நாற்பத்து மூன்று. வலது பக்கம்.

"பார்த்தீங்களா?" என்று திரும்பினார் பந்தடித்தவர். கிளேட்டன் பிராண்ட்ஸ்மா, மேஜை நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர், எங்கள் கட்சிக்காரர். "இது என் பந்தே இல்ல."

விஷயம் இதுதான். கடந்த ஒன்பது வருஷத்தில் ஏழு தடவை கிளப் சாம்பியன் இந்த மனிதர். அதுவும் தன் வயதில் பாதி உள்ளவர்களோடு மோதி. முதியோர் பிரிவில் சேரலாமே என்று ஒரு தடவை வாய்தவறிச் சொன்ன மேனேஜரிடம் ஒரு மாதம் பேசாமல் இருந்தவர். அவர் அடிக்கும் முதல் பந்து உயரமாக எழும்பி, கடைசியில் லேசாக இடது பக்கம் வளைந்து, புல்வெளிக்கு நடுவில் வந்து உட்காரும். கிளப்பில் எல்லோருக்கும் அது தெரியும். மே மாத நடுவில், முதல் அடிக்கு எடுக்கும் அந்தப் பெரிய மட்டையைப் புதுக் கைப்பிடி போடச் சொல்லி கஸ் டெர்ப்ஸ்ட்ராவிடம் கொடுத்தார். கஸ் கிளப்பின் மட்டைக்காரர், மட்டைகளைச் செய்வதும் பழுது பார்ப்பதும் அவர்தான். மட்டை திரும்பி வந்தது. அன்றிலிருந்து பந்து இப்படி ஓடுகிறது.

தன் ஆட்டம் கெட்டிருக்கும் என்று பிராண்ட்ஸ்மாவுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. எதிராளி எவனோ காசு கொடுத்து, கஸ் மட்டையில் ஏதோ செய்துவிட்டான், அவ்வளவுதான். சனிக்கிழமை சாம்பியன் போட்டி. இன்று மதியம் ஒரு மணிக்குக் கமிட்டி கூடுகிறது. பிராண்ட்ஸ்மா கை நீட்டினால் கஸ்ஸின் வேலை போய்விடும். வேலையோடு, வண்டிக் கொட்டகைக்கு மேலே இருபத்திரண்டு வருஷமாக அவர் குடியிருக்கும் இரண்டு அறைகளும் போய்விடும். கஸ்ஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. போக வேறு இடம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

பிராண்ட்ஸ்மா எங்களைப் பிடித்தது ஆதாரத்துக்காக. ஆதாரம் இல்லாவிட்டாலும் கமிட்டிக்காரர்கள் கையைத் தூக்குவார்கள் என்பது வேறு விஷயம். அவர்கள் தலைக்கு மேலே இருக்கும் புதுக் கூரை பிராண்ட்ஸ்மா போட்டுக் கொடுத்தது.

நாலு நாளில் நாங்கள் கிழித்தது என்ன? மட்டையின் தலையை எடை போட்டோம், சரியாக இருந்தது. பந்து படும் முகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. சாய்வை அளந்தோம், கைப்பிடியின் தடிமனை அளந்தோம், பந்துகளை மாற்றிப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை கிராண்ட் ராபிட்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காரோட்டிப் போய் ஒரு நிபுணரைப் பார்த்தோம். அவர் மட்டையின் தண்டை ஒரு பிடியில் இறுக்கி, நுனியைச் சுண்டி, அது எத்தனை தடவை ஆடுகிறது என்று இயந்திரத்தில் எண்ணினார். பிறகு முகம் மலர்ந்து, அருமையான தண்டு, இதில் எழுதியிருப்பது போலவே அச்சு அசலாக எக்ஸ் என்றார். அவர் முகத்தில் குத்தலாமா என்று இருந்தது எனக்கு.

இந்த எக்ஸ் விவகாரம் ஒன்று இருக்கிறது. தண்டு எவ்வளவு விறைப்பு என்பதற்கு அதன் மேலேயே எழுத்து போட்டிருப்பார்கள். எக்ஸ் என்றால் கட்டை மாதிரி நிற்கும், மட்டையை மின்னல் வேகத்தில் சுழற்றும் இளம் காளைகளுக்கானது. அதற்குக் கீழே எஸ், அப்புறம் ஆர், கடைசியில் வயதானவர்களுக்கு ஏ. வேகம் குறைந்த கைக்கு வளையும் தண்டுதான் பந்தைத் தூக்கிக் கொடுக்கும். விறைத்த தண்டு அந்தக் கைக்கு வளைந்து கொடுக்காது, பந்து எழும்பாமல் வலப்பக்கம் ஓடிவிடும். இதெல்லாம் செவ்வாய்க்கிழமை அந்த நிபுணர் நாற்பது நிமிஷம் விடாமல் சொன்னது. எங்கள் பக்கத்து ஆண்கள் வருமானத்தைச் சொல்வார்கள், விவாகரத்தைச் சொல்வார்கள், மூல வியாதியைக்கூடச் சொல்வார்கள். இந்த எழுத்தை மட்டும் உள்ளபடி சொல்ல மாட்டார்கள்.

"அப்போ உங்க கைக்கு இது விறைப்பா இருக்கா சார்?" என்று அன்றைக்கே நான் பிராண்ட்ஸ்மாவிடம் கேட்டேன்.

"இருபது வயசுலேர்ந்து எக்ஸ்லதான் ஆடறேன். இந்த மட்டைலயும் ஒன்பது வருஷமா எக்ஸ்தான். பொறியியல் படிச்சிருக்கியா நீ?"

படிக்கவில்லை. பழைய கார் விற்றிருக்கிறேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னதும் நியாயம்தான். ஒன்பது வருஷம் இதே எக்ஸ், இதே ஆள், பந்து மட்டும் வேறு. இதை வைத்துக்கொண்டு என்ன துப்பறிவது?

நாற்பத்து நாலாவது பந்துக்கு அவர் குனிந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. நாற்காலியை அவருடைய மட்டைப் பையின் பக்கம் இழுத்துப் போட்டு, மட்டைகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க ஆரம்பித்தேன். கை எதையாவது செய்ய வேண்டுமே. பெரிய மட்டையைத் தவிர மீதி பதின்மூன்று அதில் இருந்தன. தலையும் தண்டும் சேரும் கழுத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கறுப்பு வளையம். அந்தக் கறுப்பின் நடுவே நூல் மாதிரி ஒரு பச்சைக் கோடு.

"பாஸ், இங்க பதிமூணு பேர் பச்சை மோதிரம் போட்டிருக்காங்க. கல்யாணம் ஆயிடுச்சு போல."

வில்மா எரிச்சலோடு திரும்பினார். திட்ட வாயெடுத்தவர், பையைப் பார்த்ததும் நேராகப் போய் பிராண்ட்ஸ்மாவின் கையிலிருந்து பெரிய மட்டையைப் பிடுங்கினார். கழுத்தைப் பார்த்தார். வெறும் கறுப்பு.

"இது பிரம்மச்சாரி" என்றேன்.

பச்சைக் கோடு கஸ்ஸின் கையெழுத்து என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். தான் தண்டு மாட்டிய மட்டை எதிலும் அதைப் போடாமல் விடமாட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெரிய மட்டையைச் செய்து கொடுத்ததும் அவரே. நாலு நாளாக இதன் தலையைத் தடவினோம், கைப்பிடியை அளந்தோம். கழுத்தைப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. பிராண்ட்ஸ்மாவின் முகம் பிரகாசமாகிவிட்டது. தண்டை மாற்றியிருக்கிறான், திருட்டு வேலை என்பதால் கோடு போடவில்லை, இதுதான் ஆதாரம் என்று சொல்லிப் போனை எடுத்தார். கஸ்ஸின் கழுத்துக்கு நாங்களே கயிற்றைத் திரித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

வில்மா அவர் போன் மேல் கையை வைத்தார். "ஒரு நிமிஷம். கெடுக்கணும்னு நினைக்கிறவன் மட்டமான தண்டைத்தானே மாட்டுவான்? இது அச்சு அசலா அதே எக்ஸ். யாரோ தேடிப் பிடிச்சு, நல்லதா வாங்கி, உங்களுக்குத் தெரியாம மாட்டியிருக்காங்க. சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாம உங்களுக்கு நல்லது செய்யறவங்க யாரு?"

பிராண்ட்ஸ்மா நிஜமாகவே யோசித்தார். "யாரும் இல்ல."

"அதை நான் நம்பறேன்" என்றேன்.

வில்மா என் காலை மிதித்தார். ஒரு மணி வரை யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்று பிராண்ட்ஸ்மாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார். போகும்போது, மட்டை கிளப்பில் இல்லாத நேரத்தில் பிராண்ட்ஸ்மாவின் வீட்டு கராஜில்தான் இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இருந்தது. ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவர் முதலாளியாகவும் நான் காரோட்டியாகவும் இருப்பதற்குக் காரணம்.

பிராண்ட்ஸ்மாவின் மனைவி ஆர்லீன் வீட்டுத் தோட்டத்தில் மண்டியிட்டுத் தக்காளிச் செடிகளைக் குச்சிகளோடு கட்டிக்கொண்டிருந்தார். சாதுவான பெண்மணி. எங்களைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுக் காபி கொண்டுவந்தார், கூடவே ருபார்ப் பை என்கிற புளிப்பும் இனிப்புமான பலகாரமும். நாலு நாளில் இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அந்தப் பலகாரம்தான். இரண்டாவது துண்டை நான் எடுக்கும்போது வில்மா எந்தச் சுற்றலும் இல்லாமல் கேட்டார்.

"தண்டு எப்படி உடைஞ்சது?"

ஆர்லீன் கராஜைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

மட்டை கஸ்ஸிடமிருந்து வந்த அடுத்த நாள் பிராண்ட்ஸ்மா தொழில் விஷயமாக சிகாகோ போனார். மட்டைப் பையை கராஜ் வாசலில் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆர்லீன் காரில் இருந்தபடியே பட்டனை அமுக்கினார், கதவு இறங்கியது, சடக் என்று ஒரு சத்தம் கேட்டது. போன வருஷம் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் ஒரு கோப்பை உடைந்ததற்கே மூன்று நாள் பேசாத மனிதர். இதற்கு என்ன செய்வார்? ஆர்லீன் அழுதுகொண்டே மட்டையையும் முறிந்த துண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கடைக்கு ஓடினார். இதே தண்டு வேண்டும், ஒரு புள்ளிகூட மாறக் கூடாது என்றார். கடைக்காரர் எட்டு இடத்துக்குப் போன் செய்து, பழைய சரக்கிலிருந்து ஒன்றை வரவழைத்து மாட்டிக் கொடுத்தார். பிராண்ட்ஸ்மா திரும்புவதற்குள் மட்டை பையில் இருந்தது.

"கஸ் மேல பழி விழுந்தப்பக்கூட நீங்க சொல்லலையே" என்றார் வில்மா.

"இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" ஆர்லீன் நிஜமாகவே திகைத்தார். "ஒரே கம்பெனி, ஒரே கலர், ஒரே எழுத்து. அவர் மட்டைல இருந்ததைத்தானே திரும்ப வெச்சேன். அதனால கஸ்தான் ஏதோ பண்ணிட்டாருன்னு நானும் நினைச்சேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எழுத்தைப் படித்து, அதே எழுத்தை வாங்கியிருப்பேன்.

உடைந்தது எங்கே என்று வில்மா கேட்டார். நுனித் துண்டைக் குப்பையில் போட்டாயிற்று. நீளத் துண்டு இதோ என்று ஆர்லீன் மூன்றாவது தக்காளிச் செடியைக் காட்டினார். செடி கட்டப்பட்டிருந்த குச்சிதான் அது. கறுப்புத் தண்டு, மண்ணுக்கு மேலே பளிச்சென்று ஒரு எக்ஸ். வில்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்த்து அதை உருவினார். முழங்காலில் வைத்து வளைத்தார், வளைந்தது. பிராண்ட்ஸ்மாவின் மட்டையை அதே மாதிரி வளைத்துப் பார்த்தார். முகம்தான் சிவந்தது, தண்டு அசையவில்லை.

"மழைல நனைஞ்சு ஊறியிருக்குமோ?" என்றார் ஆர்லீன்.

கார்பன் தண்டு ஊறாது. அது எனக்கே தெரியும். வில்மா தன் மூக்குக்கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி, அந்தக் குச்சியின் எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, இந்த நாலு நாளும் நாம் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்றார். இப்போது இருக்கும் தண்டில் என்ன கோளாறு என்று கேட்டோமே தவிர, பழைய தண்டு எப்படி அவ்வளவு நன்றாக இருந்தது என்று கேட்கவே இல்லையாம். எனக்குத் தலை சுற்றியது. அரைத் துண்டு பலகாரத்தைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

வண்டிக் கொட்டகையில் கஸ் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஆப்பிள் வரும் மரப்பெட்டிகள் நாலு. அரங்களும் பசை டப்பாக்களும் ஏற்கெனவே உள்ளே போயிருந்தன. ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியான மனிதர், கண்ணாடிக்குப் பின்னால் சிவந்த கண்கள். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. முடிவு என்ன என்று அவருக்கே தெரிந்திருக்கிறது, கமிட்டி கூடுவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை.

வில்மா தக்காளிக் குச்சியை வேலை பெஞ்சில் வைத்தார். கஸ் அதைப் பார்த்தவுடன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். ஒரு துணியை எடுத்து, தண்டில் ஒட்டியிருந்த மண்ணை மெதுவாகத் துடைத்தார்.

"இதை எங்க பிடிச்சீங்க?"

சொன்னோம். அவர் உட்கார்ந்துகொண்டார். வில்மா தன் கட்டைவிரல் நகத்தால் எக்ஸ் எழுத்தின் ஓரத்தைச் சுரண்டினார். வெள்ளைப் பெயிண்ட் பொடியாக உதிர்ந்தது. அடியில், கம்பெனிக்காரன் அச்சடித்த எழுத்து தெரிந்தது.

ஏ.

பிறகு கஸ்ஸே சொன்னார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பிராண்ட்ஸ்மாவுக்குத் தோளில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு கையில் வேகம் பாதியாகிவிட்டது. பந்து எழும்பவே இல்லை. ஒரு அக்டோபர் சாயங்காலம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து கஸ்ஸிடம் வந்து, புது மட்டை செய், எக்ஸ் போடு, என்னை மறுபடி ஆட வை என்றாராம். அந்தத் தோளுக்கு எக்ஸ் ஆகாது. ஏ என்று சொன்னால் மட்டையைத் தூக்கி ஏரியில் போட்டுவிட்டு அதோடு ஆட்டத்தையே விட்டுவிடுவார். கஸ் ஒரு ராத்திரி யோசித்தார். வளையும் தண்டை மாட்டி, மேலே எக்ஸ் எழுதிக் கொடுத்தார். அடுத்த கோடையிலேயே பிராண்ட்ஸ்மா கோப்பையை வாங்கினார்.

பெஞ்சுக்குப் பின்னாலிருந்த அலமாரியைத் திறந்து காட்டினார் கஸ். அதே மாதிரி இன்னொரு தண்டு, எக்ஸ் எழுதி, பச்சைக் கோடு போட்டு, தயாராக இருந்தது. என்றைக்காவது உடைந்தால் உடனே மாட்ட வேண்டுமே என்று அப்போதே செய்து வைத்ததாம்.

நான் எத்தனையோ காரின் மைல் கணக்கைப் பற்றி வாய் கூசாமல் பொய் பேசியவன். நானே அந்த எக்ஸை ஒரு தடவைக்கு இரண்டு தடவை உற்றுப் பார்த்தேன். வில்மாதான் பேசினார்.

"முப்பது வருஷம் பொய்யைப் பிடிக்கிறதே வேலையா இருந்தேன் கஸ். இவ்வளவு நல்லா உழைச்ச பொய்யை நான் பார்த்ததில்ல. ஏன் இதை மூணு வாரமா சொல்லாம இருந்தீங்க? ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்குமே."

"தையல்காரன் இடுப்பளவை ஊர்ல சொல்லிட்டுத் திரிவானா?" என்றார் கஸ். "பந்து மாறினதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, யாரோ நிஜ எக்ஸை மாட்டிட்டாங்கன்னு. ஆனா அந்த மட்டையை அவர் என்னைத் தொட விடல. தொட விட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல இதை மாட்டிக் கொடுத்திருப்பேன், ஒருத்தருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. இப்பவும் சொல்லாதீங்க. நான் போயிடறேன்."

வில்மா கொட்டகைக்குள் நாலு தடவை நடந்தார். அவர் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. சொல்லாவிட்டால் தப்புச் செய்யாத ஒருவர் வீட்டை இழக்கிறார். சொல்லலாம் என்றால் அவரே வேண்டாம் என்று கெஞ்சுகிறார். நடுவில் எங்கள் கட்சிக்காரர் உண்மைக்காகக் காசு கொடுத்திருக்கிறார். நாலு நாளாகத் துப்பே கிடைக்கவில்லை என்று எரிச்சல், கிடைத்த பிறகு அதைவிட எரிச்சல். என்ன பிழைப்பு இது என்று இருந்தது.

கடைசியில் வில்மா அலமாரித் தண்டை எடுத்தார். நிரபராதியை மாட்டவிட்டு வாயை மூடிக்கொள்ளத் தனக்குத் தெரியாது என்றார். கஸ் தடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்தக் காலத்து மட்டைகளில் ஒரு வசதி, ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் தலையை வேறு தண்டுக்கு மாற்றிவிடலாம். பயிற்சி மைதானத்தில் பிராண்ட்ஸ்மாவின் கண் முன்னாலேயே நான் மாற்றினேன். இரண்டு தண்டிலும் எக்ஸ் இருப்பதை அவருக்குக் காட்டினோம். அடியுங்கள் என்றார் வில்மா.

அடித்தார். பந்து எழும்பியது. எழும்பிக்கொண்டே போய், ஒரு கணம் மேலே நின்று, லேசாக இடது பக்கம் வளைந்து, புல்லின் நடுவில் விழுந்தது. அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. இன்னொன்று அடித்தார். அதே இடம். அடுத்ததும் அதே இடம். எட்டாவது பந்துக்குப் பிறகு சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"இதான் என் பந்து" என்றார். "இது நல்ல எக்ஸ், அது ஓட்டை எக்ஸ். கடைசியா கண்டுபிடிச்சீங்களே."

வில்மா பையிலிருந்து ஒரு கால் டாலர் காசை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "எழுத்தைச் சுரண்டிப் பாருங்க. ரெண்டுலயும்."

முதலில் நிஜ எக்ஸைச் சுரண்டினார், ஒன்றும் ஆகவில்லை. பிறகு கையிலிருந்ததைச் சுரண்டினார். வெள்ளைப் பெயிண்ட் உதிர்ந்தது. அவர் சுரண்டுவதை நிறுத்தினார், மறுபடி சுரண்டினார், எழுத்து முழுசாகத் தெரியும்வரை நிறுத்தவில்லை. வில்மா கராஜ் கதவிலிருந்து கஸ்ஸின் அலமாரி வரை எல்லாவற்றையும் மூன்று நிமிஷத்தில் சொல்லி முடித்தார். எதையும் பூசி மெழுகவில்லை.

"எல்லா வருஷமும் இதேதானா?" என்று மட்டும் கேட்டார் பிராண்ட்ஸ்மா.

"ஏழு கோப்பையும்" என்றார் வில்மா.

ஒரு மணிக்குக் கமிட்டி கூடியது. நான் கதவோரம் நின்றேன். அந்த மனிதர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் ஏமாற்றினான் என்று சொல்லிக் கஸ்ஸை அதே கையோடு துரத்தவும் அவரால் முடியும். அப்படி நடந்தால் நாங்கள் பொய்ப் பழியிலிருந்து ஒருவரைக் காப்பாற்றி, உண்மைப் பழியில் மாட்டிவிட்டவர்கள் ஆவோம்.

பிராண்ட்ஸ்மா எழுந்து நின்றார். ஏழு பேர் எதிரில் நிமிர்ந்து, கஸ் மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். காரணம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அவர் சொன்னார்.

"என் மட்டைல இத்தனை வருஷமும் ஏ தண்டுதான் இருந்திருக்கு. எனக்குத் தெரியாது. என் தோளுக்கு எது சரியோ அதை அவன் கொடுத்திருக்கான். அவன் மேல தப்பு இல்ல."

அறையில் ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் தண்ணீர் கிளாஸை எடுத்து வைத்தார். நாலு நிமிஷத்தில் கூட்டம் முடிந்தது.

வெளியே படிக்கட்டின் கீழே கஸ் நின்றிருந்தார். பெஞ்சு உன்னுடையதுதான், மாடியும் உன்னுடையதுதான் என்றார் பிராண்ட்ஸ்மா. குரலில் கோபம் இல்லை, எதுவுமே இல்லை. கஸ் தலையாட்டினார். பிறகு மைதானத்திலிருந்து எடுத்து வந்திருந்த பெரிய மட்டையை, வளையும் தண்டு மாட்டியதை, அவரிடம் நீட்டினார். சனிக்கிழமைக்கு என்றார்.

பிராண்ட்ஸ்மா அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். தலையைக் கழற்றி, நான் கையில் வைத்திருந்த நிஜ எக்ஸில் மாட்டச் சொன்னார். அது வேலைக்கு ஆகாது சார் என்றேன். மாட்டு என்றார். மாட்டினேன். திருகாணி இரண்டு தடவை நழுவியது.

"அதுல ஆடினா முதல் சுத்துலயே வெளிய போயிடுவீங்க" என்றார் கஸ். "தோளும் போயிடும்."

"ஒன்பது வருஷமா நீ அடிச்சே, கஸ்" என்றார் பிராண்ட்ஸ்மா. "இனிமே நான் அடிக்கறேன்."

மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தின் பக்கம் நடந்தார். கூப்பிட்டுப் பார்த்தோம், திரும்பவில்லை. மருந்தைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால், புட்டியை வீசிவிட்டுப் போகிற ஆளை என்ன செய்வது? எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. வில்மா படியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைக் கசக்கிக்கொண்டார்.

கஸ் கொட்டகைக்குத் திரும்பினார். நாங்களும் போனோம். அவர் ஒரு பெட்டியைத் திறந்து அரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டினார். நாலாவது அரத்தை மாட்டிய பிறகும் நாங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்துத் திரும்பினார்.

"நன்றி சொல்வேன்னு நிக்கறீங்களா?" என்றார். "இந்த பெஞ்சு போயிருந்தா வேற ஊர்ல ஒண்ணு போட்டிருப்பேன். அவருக்கு வேற தோள் எங்க கிடைக்கும்?"